ஷாமினியின் இடைவேளை

ஒரு பிள்ளையின் ஒரே மறைவிடத்தை நான் காட்டிக்கொடுத்தேன். நீங்கள் பாராட்டினீர்களே, அந்த நாவலின் ஐந்தாம் அத்தியாயம்... அது அப்படித்தான் எழுதப்பட்டது.

அந்த நாவலின் மூலம், கொட்டாஞ்சேனை இளைஞர் குழுவொன்று மேடையேற்றிய இசைநாடகம். பதினேழு வயதுப் பெண்ணொருத்தியின் தனிமைதான் கதை. அதை நாவலாக்கித் தரும்படி பதிப்பாளர் கேட்டார். பெருமையோடு ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் விழி பிதுங்கியது! மேடையில் அவள் துயரமெல்லாம் பாட்டாக வந்தது. பாட்டை எடுத்துவிட்டால் தாளில் என்ன மிஞ்சும்?

அந்த வேடத்தில் பாடி நடித்த ஷாமினி, வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பின் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறாள். கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, மெல்லக் கதை கேட்டேன். எதிரே இருக்கும் ரியூஷன் வகுப்பில் இடைவேளை விட்டால் ஒருவரும் தன்னோடு கதைப்பதில்லை என்றாள். அதனால் போனைக் காதில் வைத்து, யாரோடோ கதைப்பதுபோலச் சிரித்துக்கொண்டு நிற்பாளாம். மறுமுனையில் எவரும் இல்லை. என்னை நம்பித்தான் சொன்னாள்.

அன்றே எழுதிவிட்டேன். பெயரை மாற்றினேன், வெள்ளவத்தையைக் கல்கிசை ஆக்கினேன். அது போதும் என்று நினைத்தேனா? நினைக்க விரும்பினேன்.

நாடகம் பார்த்த வகுப்புப் பிள்ளைகள் நாவலையும் வாங்கி வாசித்தார்கள். யாரென்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

படிக்கட்டில் அவளை எதிர்கொண்டேன். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“இனிப் போனைக் காதில வைக்கவும் ஏலாது, அன்ரி,” என்றாள். “இடைவேளையில நான் எங்க பாத்துக்கொண்டு நிக்கிறது?”

 

மறுபதிப்பில் அந்த அத்தியாயத்தை நீக்கச் சொல்லிக் கேட்கப் போனேன். எல்லோரும் புகழ்வதே அதைத்தானே என்றார் பதிப்பாளர். தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தப் புகழைக் கேட்டு உள்ளே கொஞ்சம் குளிர்ந்தது என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை... எவ்வளவு கேவலம்!

நேற்று இடைவேளையில் அவள் வகுப்பு வாசலில் தனியே நின்றாள். பல்கனியிலிருந்து நான் அவளுக்கு உண்மையாகவே அழைப்பெடுத்தேன். வகுப்புக்காகப் போன் மணியை நிறுத்தி வைத்திருப்பாள். அதிர்வை உணர்ந்து எடுத்துக் காதில் வைத்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உடனே துண்டித்துப் பைக்குள் போட்டாள்.

நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். மறுமுனையில் எவரும் இல்லை.