சிரிக்காமல் விட்ட சாவு

படப்பிடிப்புத் தளத்தில் அவருக்குக் ‘கட்டை’ என்று பெயர். பிணமாக நடிப்பதுதான் தொழில். கண்ணை மூடிக் கிடப்பதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள் ஒரு தடவை கிடந்து பார்க்கட்டும். மூக்கின் மேல் ஈ உட்காரும், கதாநாயகி நெஞ்சில் விழுந்து அடித்துக்கொள்வாள், கிளிசரின் கண்ணீர் நம் காதுக்குள் ஓடும். கட்டைக்கு இமை ஆடாது. ஒருமுறை மின்சாரம் போய் எல்லோரும் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். திரும்பி வந்தால் மனிதர் போட்ட இடத்தில் கிடக்கிறார், சுற்றிலும் எறும்பு சாரை கட்டியிருக்கிறது. எறும்பை நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகக் கிடந்தவர் எழுந்திருக்கும் முன் அதே படுக்கையில், அதே கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்த பிறகுதான் விளக்கை அணைப்பார்கள். சாவு அத்தோடு முடிந்தது, கூட வீட்டுக்கு வராது என்று கணக்கு.

ஒரு கம்பெனி அவரைத் தேடி வந்தது. படம் முழுக்க நடுக்கூடத்தில் ஒரு பிணம், சுற்றிலும் சொத்துச் சண்டை. கட்டைதான் வேண்டும் என்றார் இயக்குநர்.

“உங்களுக்காக வர்ற வேலையெல்லாம் வேணாம்னுட்டு உக்காந்திருப்பேன். நீங்க பாட்டுக்கு மனசு மாறிட்டா?” என்று கேட்டார் கட்டை.

“அதுக்குத்தாண்ணே உத்தரவாத ஒப்பந்தம்” என்றார் கம்பெனி மேனேஜர். “எடுத்தாலும் சம்பளம், எடுக்காட்டியும் சம்பளம். கெடு முடிஞ்சதும் மொத்தமா வாங்கிக்கலாம். நீங்க வேற எங்கயும் ஒத்துக்கக் கூடாது. கூப்பிட்டா வர்ற மாதிரி உடம்பை வச்சுக்கணும். உடம்பு முடியாம நீங்களா வராம போனா காசு கிடையாது.”

“செத்துப்போனா?”

“செத்துப்போனா எப்படிண்ணே பிணமா நடிப்பீங்க?”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விளக்கினார். “சும்மா இருக்கிறதுக்குச் சம்பளமா? இதைத்தானே இத்தனை வருஷமா காசு வாங்காம செஞ்சுட்டு இருந்தீங்க” என்றாள். மழைக்கு ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். அந்தப் பணத்தில் கூரை மாற்றுவதாக முடிவாயிற்று.

ஒளி எப்படி விழுகிறது என்று பார்க்க ஒருநாள் கூப்பிட்டார்கள். கட்டை போய்ப் படுத்தார், கேமரா ஓடியது. பாதியில் பணம் போட்டவரிடமிருந்து இயக்குநருக்கு ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். ஒவ்வொருவராக அவர் பின்னால் போனார்கள். கேமராக்காரர் பொத்தானை அமுக்கிவிட்டு நழுவினார். சிரிக்கச் சொல்ல ஆளில்லை; கட்டை சிரிக்காமலே எழுந்து வீட்டுக்கு வந்தார். படம் முழுக்கப் பிணம் கிடந்தால் எவன் டிக்கெட் வாங்குவான், பிணமாகக் கிடக்கிற கிழவன் பிழைத்து எழுந்து ஆட வேண்டும் என்று பணம் போட்டவர் சொல்லிவிட்டார். ஆடுவதற்கு வேறு நடிகர் வந்தார். கட்டைக்குச் செய்தி மட்டும் வந்தது: வேலை இல்லை, சம்பளம் உண்டு.

முதலில் கொசுதான் அவரை விட்டது. அந்த வீட்டில் மனிதரைத் தூக்கிக்கொண்டு போகிற கொசு. மனைவி கையும் காலும் வீங்கிக் கிடக்க, பக்கத்தில் படுத்தவர் மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. “அதுக்கும் ஒப்பந்தம் போட்டுட்டீங்களா?” என்று சிரித்தாள். பிறகு, அவரைக் கண்டாலே குலைக்கும் தெருநாய் தலையைத் தூக்கி மோந்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. இருவரும் சேர்ந்து பஸ் ஏறினால் கண்டக்டர் ஒரே டிக்கெட்டைக் கிழித்தார். ஒருநாள் அவர் எழுந்து போன பிறகு படுக்கையை உதறப் போனவள், தலையணையில் பள்ளமே இல்லாததைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

“எனக்கே ஒண்ணும் வலிக்க மாட்டேங்குது. அன்னிக்குப் படுத்தவன் இன்னும் எந்திரிக்கல போல” என்றார் அவர்.

இருவரும் மேனேஜரிடம் போனார்கள்.

“ஒரே ஒரு சிரிப்பு, தம்பி. எடுத்து விட்டுருங்க.”

“அண்ணே, உங்களுக்குச் சம்பளம் குடுக்கணும்னுதான் ஒப்பந்தம். உங்களைப் படம் புடிச்சே ஆகணும்னு அதுல எங்கயும் இல்ல. காசைக் குடுத்தா எங்க கடமை தீந்துச்சு. ஒரு சிரிப்புக்காக விளக்கு, கேமரா, ஆளுன்னு இறக்கினா மேல நான் என்ன பதில் சொல்றது?”

“அப்ப அந்தச் சம்பளம் வேணாம்” என்றாள் மனைவி. “அந்தக் காசுல இவர் சிரிப்பை எடுத்துருங்க.”

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். உத்தரவாதப் பணத்துக்குச் சண்டை போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறார். வேண்டாம் என்றவரை அன்றுதான் பார்த்தார். கட்டை மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல், “எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க” என்றாள்.

அதே படுக்கை, அதே கேமரா. கட்டை படுத்தார், கண்ணைத் திறந்தார். “சிரிங்கண்ணே” என்றார் கேமராக்காரர். உதடு விரிந்தது. மேசை இழுப்பறையைத் திறந்தது போல இருந்ததே தவிர, சிரிப்பு வரவில்லை. விளக்கைப் பிடித்திருந்தவர் கீழே பார்த்துக்கொண்டார்.

“ஏங்க” என்றாள் மனைவி, கேமராவுக்குப் பின்னாலிருந்து. “ஒரு கூரையைக் குடுத்து வாங்கின சிரிப்பு. பல்லையாவது காட்டுங்க. ஒழுகறப்ப நினைச்சுக்கறேன்.”

கட்டை சிரித்துவிட்டார். விளக்கை அணைத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் வாய் திறக்கும் முன்பே அவள், “ரெண்டு” என்றாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, பல வாரத்துப் பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தார். அப்போது ஒரு கொசு அவர் முழங்கையில் வந்து உட்கார்ந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அது மணிக்கட்டு வரை நடந்தது, நின்றது, எழும்பி அவள் கையில் வந்து உட்கார்ந்து நிதானமாகக் குடித்தது. அவள் அதை அடிக்கவில்லை.

அவர் வெளியே ஏதோ கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் கையை எடுத்து, நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். அந்த இடம் சிவக்க வெகுநேரம் பிடித்தது. சிவக்கும்வரை விடவில்லை.

“கொசு கடிச்சிருக்கு பாருங்க. எப்படித் தடிச்சுப்போச்சு.”

கட்டை திரும்பி, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல அந்தத் தடிப்பைப் பார்த்தார்.

“ஆமா” என்றார். “அரிக்குதே.”

இறங்கும் இடம் வரும்வரை சொறிந்துகொண்டே வந்தார்.