மெழுகு குறைத்த சிவப்பு

லிப்ஸ்டிக் கம்பெனியில் அவளை எல்லோரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருடக்கணக்கில் மெழுகு உருக்கும் அண்டாவோடு மாரடிப்பவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? மெழுகு கூடினால் குச்சி வழுக்காமல் உதட்டை இழுக்கும். எண்ணெய் கூடினால் வெயிலில் வியர்த்து வழியும். இந்த இரண்டுக்கும் நடுவில் பகலெல்லாம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனால், அங்கே படுக்கையில் அம்மா.

மருந்தின் சூட்டில் அம்மாவின் வாய் வறண்டு, உதடு சாம்பல் பூத்துக் கிடந்தது. பகலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். மற்றபடி துடைப்பது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் மெழுகக்காதான். அண்டா பக்கத்தில் நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தாள். அப்போதுதான் வெளியூரிலிருந்து தம்பி வருவதாகச் சொன்னான். அம்மா கிடக்கும் நிலையை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் அவனே ஒரு மாதம் தங்கிப் பார்த்துக்கொள்வான், தானும் கொஞ்சம் கண்ணயரலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

அம்மா போட்ட கணக்கு வேறு.

"அவன் என்னை இந்தக் கோலத்துல பாக்கக் கூடாது. உங்க கம்பெனியில இருந்து உதட்டுக்கு ஏதாவது கொண்டு வா."

இத்தனை மாதம் இதே கோலத்தைப் பார்த்த தான் என்ன கிள்ளுக்கீரையா என்று அவளுக்குச் சுருக்கென்றது. வேண்டாவெறுப்பாக, கைக்கு அகப்பட்ட திரவ உதட்டுச்சாயத்தைக் கொண்டுவந்து பூசினாள். அதில் இருக்கும் திரவம் பூசியதும் ஆவியாகிவிடும். நிறம் மட்டும் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சும். அது தெரியாதவளா அவள்? அம்மா சிரிக்கப் பார்த்தபோது கீழுதடு வெடித்து ரத்தம் கசிந்தது. மெழுகக்காவுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு, வேலை முடிந்தபின் சின்னக் கிண்ணத்தில் தனியாகக் கலந்தாள். கடினமான மெழுகைத் தொடவே இல்லை. அழுத்திப் பூசினால் அந்த உதடு தாங்காது. உறைவதற்கு மட்டும் துளி தேன்மெழுகு, மீதியெல்லாம் விளக்கெண்ணெயும், ஷியா என்கிற கொட்டையின் வெண்ணெயும். பளபளப்புச் சாயம் மாதிரி பிசுபிசுக்கவும் கூடாது, தலையணையில் ஒட்டும். வாசனை சேர்த்தால் அம்மாவுக்குக் குமட்டும். வெறும் சிவப்பு வெளுத்த முகத்தில் துருத்திக்கொண்டு தெரியும் என்று பழுப்பு ஒரு சிட்டிகை. சரியாக வந்துவிடக் கூடாதே என்று ஒரு மனது சொல்ல, கை தன்பாட்டுக்கு வேலையைச் செய்தது.

சரியாகத்தான் வந்தது. விரல் நுனியால் ஒற்றிவிட்டதும் அம்மாவுக்குப் பழைய முகம் திரும்பிவிட்டது. தம்பி வந்தான், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், சிரிக்கச் சிரிக்கப் பேசினான். பிறகு அக்காவைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டான்.

"நீ போன்ல சொன்னதைக் கேட்டு ஆடிப் போயிட்டேன்க்கா. அம்மா நல்லாத்தானே இருக்காங்க. நீதான் பாதி ஆளா போயிட்ட. உடம்பப் பாத்துக்க."

மறுநாளே கிளம்பிவிட்டான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதை நினைத்து அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பஞ்சை எடுத்து அம்மாவின் உதட்டைத் துடைக்கப் போனாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இருக்கட்டும். நாளைக்கும் போட்டு விடு."

"அவன்தான் போயிட்டானே. இனிமே யாருக்கு?"

"தினம் இந்த மூஞ்சில முழிக்கிறவ நீதானே."

மெழுகக்கா பஞ்சைக் கீழே வைத்தாள். கோபம் போய்விட்டது. களைப்பு போகவில்லை. சாய டப்பியை மூடி வைத்துவிட்டு, மருந்துக்கு வெந்நீர் வைக்கப் போனாள்.