ஆளில்லாத நாற்காலிக்கு ஒரு மரியாதை

கோவில்பட்டி குருசாமி அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. வியாபாரிகள் சங்கக் கூட்டம் என்றால் மைக்கை விடமாட்டார்.

"எங்க தாத்தா அரண்மனை வாசலத் தாண்டும்போது செருப்பக் கையில தூக்கிக்கிட்டு, துண்ட இடுப்புல கட்டிக்கிட்டுப் போனாரு. நான் எவன் முன்னாலயும் செருப்பக் கழட்டினதில்ல" என்பார். கைதட்டு விழும். இந்த முறை சங்கத் தலைவர் தேர்தலில் அவர் நம்பி நின்றது இந்த ஒரு வசனத்தைத்தான். எதிர்த்து நின்றவர் பாத்திரக்கடை விஜயராஜ். மேடையில் நாலு வார்த்தை பேச வராது. ஆனால் நல்ல போன் வைத்திருந்தார்.

தேர்தலுக்குக் கொஞ்சநாள் முன்னால் சங்கத்துக்காரர்கள் குடும்பத்தோடு ஐரோப்பா டூர் போனார்கள். வேட்பாளர்கள் இருவரும் ஒரே பஸ். வியன்னாவில் ஒரு பழைய அரண்மனை. அண்ணாச்சி கோட்டுக்கு மேல் துண்டு போட்டு இறங்கினார்.

"பாத்தியளா, ராசா வீட்ட டிக்கெட்டுப் போட்டுக் காட்டுதான். இதுதான்யா ஜனநாயகம்" என்று வாசல்வரை முழங்கினார்.

வாசலில் சிவப்பு விரிப்பு. உள்ளே முகம் தெரிகிற தரை, தங்க முலாம் கதவு. அண்ணாச்சி ஒரு தூணோரம் செருப்பைக் கழற்றி வைத்தார். யாரும் சொல்லவில்லை. முன்னால் போன வெள்ளைக்காரர்கள் எல்லாரும் பூட்ஸோடுதான் போனார்கள். சிம்மாசன அறைக்குள் நுழைந்ததும் தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு வந்தது. முதுகும் லேசாக வளைந்தது. கயிறு கட்டிய மேடையில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தவர் போய்ச் சேர்ந்து நூறு வருசத்துக்கு மேலாகிறது. வாய் ஒரு தலைமுறையில் மாறிவிடும் போல. முதுகுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

பக்கத்தில் நின்ற மனைவி பத்திரகாளிதான் முதலில் பார்த்தார்.

"காலி நாக்காலிக்கே இப்படின்னா, ராசா உக்காந்திருந்தா என்ன செஞ்சிருப்பிய?"

அண்ணாச்சி துண்டை அவிழ்ப்பதற்குள் விஜயராஜ் வீடியோவை முடித்துவிட்டார்.

வெளியே வரும் வழி வேறு. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினால் செருப்பைக் காணோம். கேட்பாரற்றுக் கிடந்த பொருள் என்று காவலாளி அப்புறப்படுத்தியிருந்தார். காலுறையோடு பஸ் ஏறினார் அண்ணாச்சி. அதற்குள் வீடியோ கோவில்பட்டி வாட்ஸ்அப்பில் டீக்கடை டீக்கடையாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அண்ணாச்சிக்கு வாயோடு காலும் சேர்ந்துகொண்டது. விஜயராஜ் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காமல் ஜெயித்தார். அவர் ஆபீசில் கணக்கு எழுதும் எனக்கு அண்ணாச்சி மேல் பரிதாபம் வந்தது உண்மை. அது ஒரு நாள்தான் நிலைத்தது.

தேர்தல் முடிவுக்கு மறுநாள் ஆபீசில் அவர் அறைக்கு, பெட்டி அடைக்கிற பேச்சித்தாய் லீவு கேட்க வந்தாள். படிக்குக் கீழே வெயிலில் செருப்பைக் கழற்றிப் போட்டாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை இறக்கிவிட்டு, வாசற்படியிலேயே நின்றாள். இருபது வருசமாக அப்படித்தான் நிற்கிறாள். அண்ணாச்சி அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். வெளியே கிடந்த செருப்பைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் பதவியும் கைக்கு வரவில்லை, இனி ஊரில் தனக்காகச் செருப்புக் கழற்ற வேறு யார் இருக்கிறார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"சரி, போ" என்றார். "போம்போது கதவச் சாத்திக்கோ."