அமாவாசையில் எடுத்த பாட்டு

'நல்லா இருக்குது' என்று சொல்ல எங்கள் வீட்டில் தடை இருந்தது. தடை போட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. பெரிய காஞ்சிபுரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்த்தார். வீடியோ எடுத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். எடுப்பவருக்குப் பின்னால் நின்று விளக்குப் பிடித்தார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் முதலாளியின் கேமராவைக் கெஞ்சி வாங்கிவந்து, தன் ஆசைக்குப் பாட்டு வீடியோ எடுப்பார். எடுத்ததை எங்கள் வீட்டு டிவியில் போட்டுக் காட்டிவிட்டு, பார்த்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக்கொள்வார். சூப்பர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஒரு குறையாவது சொல்லியாக வேண்டும். தெருக்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. மாமா வயரை எடுத்து டிவியில் சொருகுவதைப் பார்த்தாலே, அடுப்பில் பால் வைத்திருப்பது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. பால் வைத்துவிட்டு வர எனக்கு அடுப்பு கிடையாது, மாட்டிக்கொண்டேன். முதல் தடவை பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். குளத்துப் படியில் இறங்கும்போது பாட்டில் நடித்த அண்ணன் காலில் செருப்பு இருக்குது, தண்ணீர்கிட்ட போகும்போது இல்லை என்றேன். மாமா ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டிப் பார்த்தார். நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அன்றோடு என் நிம்மதி போயிற்று. பாப்பாவுக்குக் கேமரா கண்ணு என்று ஸ்டுடியோ வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டார். அதன் பிறகு நான் பார்த்துத் தலையாட்டாமல் எந்த வீடியோவும் வெளியே போகாது.

விளையாட்டாக இருந்தவரை இதெல்லாம் சரி. அக்காவின் பாட்டு என்று வந்ததும் தலையாட்டவே எனக்குப் பயமாகிவிட்டது.

அக்கா அப்போதுதான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அவள் நன்றாகப் பாடுவாள். ஊரில் இருந்த ஒரு மெல்லிசைக் குழுவில், ஆடி மாதத் திருவிழாக் கச்சேரிகளுக்குப் பெண் குரல் தேவைப்பட்டது. பெண் பாடுவதை வீடியோவாக எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று குழு நடத்துபவர் மாமாவிடம் சொல்லியிருந்தார். அப்பாவோ, அக்காவின் பெயரை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கொடுத்து வைத்திருந்தார். விடிவதற்கு முன்பே எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறினால், திரும்பி வந்து இறங்கும்போது ஒருத்திக்கும் முகத்தில் களை இருக்காது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது, ஆகவே அதற்குள் பாட்டு தேறாவிட்டால் ஆடிக்கு முன்னால் பஸ் ஏறிவிட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா எப்போதுமே அப்படித்தான். வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்தார். கோபம் வந்தால் கத்த மாட்டார். உட்கார்ந்த இடத்தில் வலது கால் மட்டும் ஆடும். மாமா தன் கைபேசியில் லென்ஸ் படங்களைக் காட்டி, இது போட்டா பின்னாடி எல்லாம் மங்கலாகி முகம் மட்டும் பளிச்சுனு தெரியும் மாமா என்று அப்பாவிடம் விளக்கும்போதெல்லாம் அந்தக் கால் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். கால் ஆடினால் பக்கத்தில் போகாதே என்று அம்மா எனக்குச் சொல்லித் தந்திருந்தாள்.

மெட்டு மாமாவின் நண்பர் போட்டது. கீபோர்டு வாசிப்பவர். முதலில் அக்கா சுருதியை மட்டும் காதில் கேட்டுக்கொண்டு பாடிவிடுவது, தாளமும் வாத்தியமும் பிறகு அவர் சேர்ப்பது என்று ஏற்பாடு. தறிக்கூடத்தை ஒட்டிய அறையில், எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்கப் பாயும் போர்வையும் மாட்டினார் மாமா. தனி மைக் கிடையாது, கேமராவிலேயே பதிவு. அன்று அப்பா பட்டு முதலாளியைப் பார்க்கப் போவதாகச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். அக்கா முதல் வரியைப் பாடியதும் வாசல் வரை போனவர் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டார். அக்கா ஒரே மூச்சில் பாடி முடித்தாள். அதைக் கேட்ட கீபோர்டு அண்ணன், தாளம் போட எனக்கு வேலையே இல்லை, பொண்ணு அவ்வளவு கச்சிதமாகப் பாடியிருக்கிறாள் என்றார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

தென்னேரி ஏரிக்கரையில் படம் பிடித்தார்கள். அக்கா கரைமேல் நடந்து வருவாள், தண்ணீரைப் பார்ப்பாள், அவ்வளவுதான். டிவியில் போட்டபோது என் கண்ணுக்கு இரண்டு குறை தெரிந்தது. அக்கா தலையில் இருந்த பூ ஒரு காட்சியில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம். தண்ணீரைப் பார்க்கும் இடத்தில் அக்காவின் முகம் பயந்துபோய் இருந்தது. முதல் குறையைச் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லவில்லை. சொன்னால் அக்கா இன்னும் பயப்படுவாள், சொல்லாவிட்டால் குழுக்காரர் கண்டுபிடித்துவிடுவார். இதையே நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழுக்காரருக்கு அனுப்புவதற்கு முன்னால் வேறு ஒருவரிடம் காட்டிவிடலாம் என்றார் மாமா. சென்னையில் ஒருவர், புதிதாகப் பாட்டு எடுக்கும் பிள்ளைகள் அனுப்புவதைப் பார்த்து நிறை குறை சொல்வார். மாமாவுக்கு அவரை வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். பதில் வந்தது. நாங்கள் கைபேசியைச் சுற்றி உட்கார்ந்தோம். அவர் முதலில் அக்காவின் குரலைப் பாராட்டினார். கரைமேல் நடந்து வரும் காட்சியை அவசரப்படாமல் விட்டிருப்பது அழகு என்றார். மாமா என் தொடையைக் கிள்ளினார். அப்புறம்தான் வந்தது.

"ஆனா தம்பி, பாட்டு பூராவும் பின்னாடி என்னமோ தட்டிக்கினே இருக்குதே, அது என்னா? லென்ஸ் வாங்கப் போறேன்னு எழுதியிருந்தீங்க. வேணாம், மைக் வாங்குங்க. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா பொறுத்துக்குவாங்க, காதுல இடிச்சா எழுந்து போயிடுவாங்க. இதை இப்படியே யாருக்கும் அனுப்பிடாதீங்க."

என்ன தட்டுகிறது? மறுபடி போட்டுக் கேட்டோம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்கும் கேட்கவில்லை. மாமா எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டார். அவரும் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பாட்டுதான்பா கேக்குது என்றார். பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று ஹெட்போன் தெருவையே ஒரு சுற்று சுற்றி வந்தது. ஒருத்தர் காதிலும் எதுவும் தட்டவில்லை. அந்த ஆளுக்கு வயிற்றெரிச்சல் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மாமாவால் அப்படி விட முடியவில்லை. கேமராவைச் சந்தேகப்பட்டார், வயரைச் சந்தேகப்பட்டார், தன் காதையே சந்தேகப்பட்டார். ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பெனியில் இருந்து அக்காவுக்கு அடையாள அட்டைக்குப் போட்டோ கேட்டு ஆள் வந்துபோனது. செருப்பைக் கண்டுபிடித்த எனக்கு ஒரு சத்தத்தைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே என்று அவமானமாக இருந்தது. மாமா கடைசியில் லென்ஸ் ஆசையை விட்டுவிட்டு மைக்குக்குச் சொல்லிவிட்டார்.

மைக் வந்து சேர்ந்தது ஆனி அமாவாசை அன்று. அமாவாசை என்றால் எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. நெசவாளிக்கு மாதத்தில் அது ஒன்றுதான் ஓய்வு. புது மைக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று மாமா பழைய பாட்டைப் போட்டார். முதல் வரியிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தடக். தடக். தடக்.

அக்காவின் குரலுக்கு அடியில், ஆரம்பம் முதல் கடைசிவரை, இழையை நெருக்கும் தறிப்பலகை அடித்துக்கொண்டே இருந்தது. பிறந்ததில் இருந்து கேட்டுக்கொண்டே இருக்கும் சத்தம் எங்களில் யார் காதில் விழப்போகிறது? தெருவே வாயை மூடிய அன்றைக்குத்தான் விழுந்தது.

அம்மா தறிக்கூடத்தைப் பார்த்தாள். அப்பா காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து தறி ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா மாமாவிடம் சொல்வதுபோல அப்பாவுக்குச் சொன்னாள்.

"சட்டைய மாட்டிக்கினு கெளம்பின மனுஷன், பொண்ணு வாயத் தொறந்ததும் வந்து தறியில ஒக்காந்தா என்னா அர்த்தம்?"

"என் வேலைய நான் செஞ்சேன்" என்றார் அப்பா.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அக்கா பஸ் ஏற வேண்டும் என்பதற்காகவே அப்பா பாட்டைக் கெடுத்துவிட்டார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கா மட்டும் பழைய பாட்டை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள்.

அடுத்த அமாவாசை ஆடியில். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். விடிந்தால் தெரு முழுக்கத் தறி ஆரம்பித்துவிடும். இன்றைக்கே பாடி முடிக்க வேண்டும் என்று மாமா மறுபடி பாயையும் போர்வையையும் மாட்டினார். மின்விசிறியை நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கொல்லையில் வைத்தார். என்னை மூச்சுகூட மெதுவாக விடச் சொன்னார். அத்தனை அமைதியில் அக்கா பாடினாள், பாட்டு வரவில்லை. பல்லவியில் ஓடினாள், சரணத்தில் பின்தங்கினாள். மறுபடி, மறுபடி. கீபோர்டு அண்ணன் முதலில் பரவாயில்லை என்றார், பிறகு தரையைப் பார்க்க ஆரம்பித்தார். என்னமோ இல்லை மாமா என்று அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மைக்கைப் பார்த்துப் பயம் என்று மாமா நினைத்தார். பஸ்ஸை நினைத்துப் பயம் என்று நான் நினைத்தேன்.

வெயில் தாழ்ந்து, அறை இருட்டத் தொடங்கியபோது அப்பா வந்து கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தார். உள்ளே வரவில்லை. அவருடைய வலது கால் ஆடிக்கொண்டிருந்தது.

ஒருநாளும் கத்தாதவர் இன்றைக்குக் கத்தப் போகிறார், அதுவும் புது மைக்கில் பதிந்துவிடும் என்று பயந்தேன். மாமாவும் காலைப் பார்த்திருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கட்டுமா மாமா என்று மெதுவாகக் கேட்டார். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"வேணாம். தொறந்தே இருக்கட்டும்."

பயத்தில் உளறுகிறாள் என்று எண்ணினேன். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு பாடினாள். நான் பாட்டையே கேட்கவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடியது, ஆடியது, சரணத்துக்கு முன்னால் ஒரு கணம் நின்றது, மறுபடி ஆடியது. அக்கா முடித்தாள். கீபோர்டு அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, இவ்வளவு நேரம் அடக்கியிருந்த தும்மலைத் தும்மினார். அப்பா எழுந்து, ஆயிடுச்சா என்று மட்டும் கேட்டுவிட்டுத் தெருப்பக்கம் போய்விட்டார்.

அப்பா மேல் இருந்த பயத்தில்தான் அக்கா சரியாகப் பாடிவிட்டாள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். புதுப் பாட்டைச் சேர்த்து அனுப்பிய வீடியோவைப் பார்த்த அன்றே குழுக்காரர் கூப்பிட்டுவிட்டார். கம்பெனி பஸ் அக்கா இல்லாமல் போயிற்று.

இப்போது அக்காவை மேடையில் பார்க்காத திருவிழா எங்கள் பக்கத்தில் குறைவு. மாமா சொந்த ஸ்டுடியோவும் லென்ஸும் வைத்துக்கொண்டு, வருகிற பையன்களிடம் முதலில் மைக் வாங்குடா என்று உபதேசம் செய்கிறார். எனக்கும் இதுதான் பிழைப்பாகிவிட்டது. பிறர் எடுத்ததை வெட்டி ஒட்டுகிறேன், குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன். போன மாதம் மாமாவின் பழைய மெமரி கார்டுகளைக் கிளறியபோது, அந்த முதல் பதிவு, தாளம் சேர்ப்பதற்கு முந்தையது, அப்படியே கிடைத்தது. கணினியில் போட்டேன். ஒலி திரையில் மேடும் பள்ளமுமாக விரிந்தது. தறிச்சத்தம் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. சரி, இதை நீக்கிப் பார்க்கலாம் என்று ஒன்றின்மேல் கையை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

எல்லா அடியும் தாளத்தில் விழுந்திருந்தது. அக்கா மெதுவாகப் போகும் இடத்தில் தறியும் மெதுவாகப் போயிற்று. சரணத்துக்கு முன்னால் அவள் மூச்சு வாங்கும் இடத்தில் தறி காத்திருந்தது. அவள் ஆரம்பித்த பிறகுதான் பலகை விழுந்தது. பட்டு நெய்கிறவர் காரணமில்லாமல் அப்படிக் கையை நிறுத்த மாட்டார்.

அப்பாவிடம் கேட்டேன். என் வேலைய நான் செஞ்சேன் என்றார். அன்று சொன்ன அதே பதில்.

அக்காவுக்குப் போன் போட்டேன். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"இப்பத்தான் தெரியுதாடி உனக்கு? சமையக்கட்டுல பாடும்போதே அப்பா தறில எனக்கு அடிச்சிக் குடுப்பாரு. அமாவாசை அன்னிக்கு அது இல்லாம எனக்குப் பாட்டே வரல. அப்பா வந்து ஒக்காந்தாரு. அந்தக் காலப் பாத்துக்கினுதான் பாடி முடிச்சேன்."

நானும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் என்று நினைத்தேன்.