பட்டாணிப் பாத்தியில் நட்ட பானட் கம்பி

ஒரு நாள் காலையில் அப்பா வண்டியின் பானட்டைத் தலையால் முட்டுக் கொடுத்து நின்றிருந்ததைப் பார்த்தேன். இதற்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

எங்களுடையது எட்டுப் பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி. எமரால்டிலிருந்து ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம் என்று அப்பா வாடகைக்கு ஓட்டுகிறார். ரேடியேட்டர் லேசாகக் கசியும். அதனால் தினமும் கிளம்பும் முன் பானட்டைத் திறந்து தண்ணீர் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் மலை இறங்கினால் திரும்ப ஏறும்போது இஞ்சின் காலி. முன்பெல்லாம் வலது கையால் பானட்டைத் தூக்குவார், இடது கையால் கம்பியை எடுத்து முட்டுக் கொடுப்பார், வேலை முடிந்தது. போன வருஷம் கேரட் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடது தோள் போனது. அதற்கப்புறம் அந்தக் கை காதுக்கு மேலே போவதில்லை. அதனால் வலது கையால் தூக்கி, தலையைக் கொடுத்துத் தாங்கி, அதே வலது கையால் கம்பியைத் தேடுகிறார். அந்த பானட் கனமான இரும்புத் தகடு. அதன் முன் விளிம்பில் பூட்டுக்கொக்கி ஒன்று, பருந்து மூக்கு மாதிரி, சரியாகத் தலைக்கு மேலே நிற்கும்.

"நான் ஒருத்தி மெக்கானிக்கல் முடிச்சுட்டு வூட்டுல இருக்கேன், நீங்க தலையில தூக்கிட்டு நிக்கிறீங்க. எனக்கு அசிங்கமா இருக்குங்க."

"நீ முடிச்சதே இப்பத்தான் புள்ள. எந்தலை இருவது வருசமா இந்த வண்டியில இருக்குது."

ஆன்லைனில் ஒரு ஜோடி கேஸ் ஸ்ட்ரட் வாங்கினேன். புதுக் கார்களின் டிக்கிக் கதவு விட்டதும் தானாக மேலே போகுமே, அதைத் தூக்குகிற கறுப்புக் குழாய்தான் அது. உள்ளே அடைத்த வாயு தண்டை வெளியே தள்ளும், கதவு நிற்கும். அதையே பானட்டின் இரண்டு பக்கமும் மாட்டினால் தலையும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். வீட்டுத் தராசில் பானட்டின் முன் விளிம்பை வைத்து எடை பார்த்து, கணக்குப் போட்டுத்தான் ஆர்டர் செய்தேன். காலேஜ் நோட்டில் இருந்த ஃபார்முலா, இருபத்தைந்து டிகிரியில் வாயு கொடுக்கும் வலு. விடை சரியாக வந்தது. கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

அப்பா தோளுக்குப் பயிற்சி செய்ய ஊட்டி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போன நாளில் வேலையை ஆரம்பித்தேன். அவர் திரும்பி வர மதியம் இரண்டு மணி ஆகிவிடும். நாலு மணிக்கு வண்டிக்கு வாடகை இருந்தது. வெயில் நன்றாக அடித்தது.

முதல் சிக்கல், ஸ்ட்ரட்டின் கீழ்முனை உட்கார வேண்டிய போல்ட்டில்தான் பழைய கம்பி மாட்டியிருந்தது. கம்பியைக் கழற்றி ஓரமாகப் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இது வேணுமாடி?"

"அதுக்கு இன்னிக்கோட ரிட்டையர்மெண்ட்."

"அப்பப் பட்டாணிக்கு ஆச்சு." எடுத்துக்கொண்டு போய்ப் பாத்தியில் நட்டு, சாய்ந்து கிடந்த ஒரு கொடியைத் துணிக்கிழிசலால் அதில் கட்டிவிட்டாள்.

இரண்டாவது சிக்கல் பேட்டரி. அளந்து வைத்த இடத்தில் மாட்டினால் குழாய் பேட்டரியில் இடித்தது, பானட் முக்கால்வாசியில் நின்றது. மணி பன்னிரண்டே முக்கால். வேறு வழியில்லாமல் மேல்முனையை இரண்டு விரல்கடை கீல் பக்கமாகத் தள்ளி, பானட்டின் உள்சட்டத்தில் புதுத் துளை போட்டேன். கீலுக்குக் கிட்டப் போகப் போக ஸ்ட்ரட்டின் பிடி குறையும். அது தெரியாமல் செய்யவில்லை. கணக்கில் இருந்த மிச்சத்தை அங்கே செலவழித்தேன், அவ்வளவுதான். ட்ரில்லை நூல் நூலாக இறக்கினேன். பிட் கொஞ்சம் எச்சாக இறங்கினால் பானட்டின் மேல் பெயின்ட்டில் ஓட்டை விழும், அப்பா என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். விழவில்லை. ஒன்றே முக்காலுக்கு பானட் மூடியது. திறந்தேன். விட்டேன். நின்றது.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அப்பாவை வண்டிக்கு முன்னால் நிறுத்தினேன். "ஒரே கையில தூக்குங்க. பாதியில விட்ருங்க."

பாதியில் விட்டார். பானட் தானாகப் போய் உச்சியில் நின்றது. அப்பா அண்ணாந்து பார்த்தார். அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் கேரட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இங்க சித்த வாங்க. எம்பொண்ணு பண்ணுனது."

அவர் வந்து பானட்டை அழுத்திப் பார்த்தார். "அடேங்கப்பா. கம்பி எங்கீங்க?"

"கம்பியெல்லாம் பட்டாணிக்குப் போயிருச்சுங்க. இனி எந்தலைக்கும் ரெஸ்ட்டு, எங்கைக்கும் ரெஸ்ட்டு." அப்பா நாலு தடவை திறந்து நாலு தடவை மூடினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், பெரிய இவள் மாதிரி.

வாடகை முடிந்து வண்டி ஆறு மணிக்கு வந்தது. அப்பா குளிக்கப் போனார். நான் ஃப்ரெண்ட்ஸுக்கு வீடியோ அனுப்பலாம் என்று பானட்டைத் திறந்தேன். வெயில் போய் எமரால்டு அணைப் பக்கமிருந்து குளிர் ஏறிக்கொண்டிருந்தது. மதியம் துள்ளிக்கொண்டு போன பானட் இப்போது யோசித்து யோசித்து மேலே போனது. ஒரு விரலால் அழுத்தினேன். இறங்கியது. மறுபடி ஏறவில்லை.

இருபத்தைந்து டிகிரி. கோயமுத்தூர் காலேஜில் உட்கார்ந்து எழுதிய நோட்டு அது. எமரால்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கே இருக்கிறது இருபத்தைந்து டிகிரி? குளிரில் வாயு சுருங்கும், வலு குறையும், அது பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். மிச்சத்தையும் நான் பேட்டரிக்குக் கொடுத்தாயிற்று.

பானட்டை மூடிவிட்டு உள்ளே போனேன். அப்பா டாக்ஸி ஸ்டாண்டு நண்பர் ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "தானா போய் நிக்குதப்பா. நாளைக்கு வா, காட்டறேன்." அந்த நேரத்தில் சொல்ல வாய் வரவில்லை. காலையில் அவருக்கு முன்னால் எழுந்து சொல்லிவிடலாம் என்று ஐந்தரைக்கு அலாரம் வைத்தேன். அருவங்காட்டில் ஒரு குடும்பத்தை ஏற்றி மேட்டுப்பாளையம் போக வேண்டும், அப்பா ஆறரைக்குத்தான் கிளம்புவார்.

அன்றைக்கு உறைபனி விழுந்தது. கண்ணாடியில் பனி சுரண்ட வேண்டுமே என்று அப்பா ஐந்துக்கே எழுந்துவிட்டார். என்னை எழுப்பியது அலாரம் இல்லை. வெளியே பானட் பூட்டு விடுபடுகிற 'டக்'.

வெறுங்காலோடு ஓடினேன். வாசல் லைட் வெளிச்சத்தில் புல் முழுக்க வெள்ளை. பானட் திறந்திருந்தது. அப்பா மங்கி குல்லாவோடு உள்ளே குனிந்து, வலது கையால் ரேடியேட்டர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். இடது கை சும்மா தொங்கியது. அவர் முதுகுக்கு மேலே பானட் இறங்கிக்கொண்டிருந்தது.

கம்பி நழுவினால் சத்தம் வரும், ஆள் தலையை இழுத்துக்கொள்வான். ஸ்ட்ரட் சத்தம் போடாது. மெதுவாக, ரொம்ப மரியாதையாக இறங்கும். பாதி தாண்டினால் அந்த மரியாதையும் போய்விடும், மொத்தக் கனமும் விழும். கத்த வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். கத்தினால் நிமிர்வார். நிமிர்ந்தால் கொக்கி நேராகப் பின்மண்டையில்.

பத்தடி தூரம் இருக்கும். பனிப்புல்லில் ஒரு தடவை சறுக்கி, பம்பரைப் பிடித்து நின்று, இரண்டு கையையும் விளிம்புக்குக் கீழே கொடுத்தேன். ஐஸ் மாதிரி இரும்பு. கனம் முழங்கை வரை இறங்கியது. கொக்கிக்கும் குல்லாவுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"அப்பா," என்றேன், முடிந்தவரை சாதாரணமாக. "நிமிராதீங்க."

"நீ ஏன் புள்ள இந்நேரத்துக்கு எந்திரிச்ச?"

"நிமிராதீங்கன்னா நிமிராதீங்க. குனிஞ்ச மேனிக்கே பின்னால வாங்க."

"இரு, தண்ணி ஊத்திக்கறேன்."

"அப்பா!"

"பாதி ஊத்திப்போட்டேன். கத்தாத."

நிஜமாகவே ஊற்றினார். கிளுக் கிளுக்கென்று பாட்டில் காலியாகிற சத்தம் கேட்டது. என் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மூடியைப் போட்டு, திருகி, துணியால் துடைத்து, குனிந்தபடியே பின்னால் வந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார்.

"அம்மா! பட்டாணிக் கம்பி!" என்று அப்போதுதான் கத்தினேன்.

அம்மா போர்வையோடு வெளியே வந்து, என் நிலைமையைப் பார்த்ததும் பாத்திக்கு ஓடினாள். பிடுங்கி வந்த கம்பியில் துணிக்கிழிசலும் ஒரு முழம் கொடியும் தொங்கின. "கொடி போச்சுடி. பூ வுட்ருந்த கொடி," என்று முனகிக்கொண்டே முட்டுக் கொடுத்தாள். நான் கையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டேன்.

"குளுருக்கு எறங்கிப்போச்சா?" என்றார் அப்பா. நான் அதோடு விட்டிருக்கலாம். தப்பு குளிருடையது என்று முடிந்திருக்கும்.

"நேத்து சாயங்காலமே தெரியும்ப்பா."

அப்பா குல்லாவைக் கழற்றினார். "தெரிஞ்சுதா?"

"ம்."

"அப்பறம் ஏஞ்சொல்லல?"

"எல்லார்த்துகிட்டயும் அவ்ளோ பெருமையாப் பேசிட்டிருந்தீங்க."

"பெருமையும் எனக்குத்தான். தலையும் எனக்குத்தான புள்ள."

அவர் சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். எனக்கு வாய் ஜாஸ்தி. அவர் போடவில்லை. கம்பியை எடுத்து பானட்டை மூடி, கொடியோடு அதை முன்சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வண்டி ரோட்டில் ஏறும் வரை அங்கேயே நின்றேன். அதற்கப்புறம்தான் கால் சுரணை இல்லாமல் இருப்பது தெரிந்தது.

அடுத்த வாரம் வலு கூடிய ஜோடி வந்தது. இந்தத் தடவை பூஜ்ஜியம் டிகிரிக்குக் கணக்குப் போட்டேன். பேட்டரியை நகர்த்தி, முதலில் அளந்த இடத்திலேயே மாட்டினேன். கம்பிக்கென்று போல்ட்டுக்குப் பக்கத்தில் வேறு துளை போட்டு, அதையும் பழையபடி கிளிப்பில் படுக்க வைத்தேன். மத்தியான வெயிலில் எல்லாம் ஜோராக நின்றது. நான் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

அதற்கப்புறம் உறைபனி விழுந்த முதல் காலையில் அப்பாவுக்கு முன்னால் எழுந்தேன். பானட்டைத் திறந்துவிட்டு, கொக்கிக்குக் கீழே என் தலையை வைத்துக் குனிந்தேன். அப்பா டீ டம்ளரோடு வெளியே வந்தார்.

"என்ன புள்ள பண்ற?"

"டெஸ்ட்டுங்க."

"எவ்ளோ நேரம்?"

"நீங்க டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும்."

டம்ளரை இடது கைக்கு மாற்றி, வலது கையால் கம்பியைக் கிளிப்பிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். பானட் அசையவில்லை. அவ்வளவு மெதுவாக அவர் டீ குடித்து நான் பார்த்ததே இல்லை.