மொட்டைக் கொட்டகையும் இருவாசல் சத்திரமும்

பிள்ளைகளே, மலையடிவாரத்தில் நீங்கள் வாடகைச் சைக்கிள் எடுக்கிற கடை இருக்கிறதே, அந்த இடம் முழுக்க அப்போது, வேண்டிக்கொண்டவர்கள் சாமிக்கு முடி இறக்குகிற கீற்று வேய்ந்த மொட்டைக் கொட்டகை. அதன் பின்னால் ஒரு சந்து. சந்து முடிகிற இடத்தில், இப்போது சோடாக் கம்பெனி இருக்கும் மனையில், ஒரு சத்திரம். இரண்டு தெருவிலும் அதற்கு வாசல் இருந்ததால் ஊரே அதைத் தெருவாக்கிவிட்டது. தயிர்க்காரி போவாள், கன்றுக்குட்டி போகும். "இது சத்திரமா, சந்தைக்குப் போற வழியா?" என்று காவல்காரர் கத்துவார். வெற்றிலை வாங்க அவரும் அந்த வழியாகத்தான் போவார். பிறகு கொட்டகை ஒரு மழையில் சாய்ந்தது. சத்திரத்தை இடித்து விற்றுவிட்டார்கள்.

யுத்த காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, மொட்டைக்கும் வரிசை. கிருத்திகைக் கூட்டத்தில் வந்த ஆள் வேறு நாவிதரிடம் போய்விடக் கூடாதென்று, நடுத்தலையில் ஒரு கோடு மழித்து உட்கார்த்திவிட்டு அடுத்த தலைக்குப் போவார்கள். கோடு விழுந்தவன் எங்கே போவான்?

நான் போனேன். என்னை மாப்பிள்ளை பார்க்க அம்மையார்குப்பத்திலிருந்து மறுநாள் வரவேண்டியவர்கள், சாமி கும்பிட்ட கையோடு அன்றைக்கே வந்து சத்திரத்தில் இறங்கிவிட்டார்கள். அம்மா ஆள் அனுப்பினாள். கோட்டின் மேல் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

பெண்ணின் அப்பா நெசவுக்காரர். துண்டையே பார்த்தார். "தலையில புண்ணு கிண்ணு இருக்குதாங்க?"

"அதெல்லாம் இல்லீங்க" என்றாள் அம்மா.

"அப்ப எடுக்கச் சொல்லுங்க."

நீங்கள் பிறப்பதும் பிறக்காததும் அந்தத் துண்டுக்குள் இருந்தது. எடுத்தேன். தூணுக்குப் பின்னாலிருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது.

"நைனா, சாமிக்கே பாதி வேண்டுதலோட ஓடியாந்துட்டாரு. நாளைக்கு எனக்குப் பாதிப் பொடவை எடுத்தா நான் என்னா பண்றது?"

"பொண்ணு கேக்குறது நாயம்தானே" என்றார் அவர். "இருட்டறதுக்குள்ள நாங்க கெளம்பணும். முடிச்சிகினு வாங்க, பாக்கலாம்."

மறுபடி சந்து, மறுபடி கொட்டகை. நாவிதர் நிமிரவே இல்லை. "எங்கய்யா ஓடுனே? உனக்கப்பறம் கோடு போட்ட பட்டாளமே குந்திகினு இருக்குது. போய்க் கடைசியில குந்து."

விஷயத்தைச் சொன்னேன். வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தன் கோட்டைத் தடவிக்கொண்டார். "எங்க தலை எங்கயும் போவாதுப்பா. இவனுக்குப் பொண்ணு போயிடும். மொதல்ல இவனை முடி."

"ஆடாதேய்யா" என்றார் நாவிதர். "ரத்தத்தோட போய் நின்னா அந்தப் பொண்ணு அதுக்கும் ஒண்ணு கேக்கும்."

சந்தனத்தைப் பூசிக்கொண்டு சத்திரத்துக்குள் நுழைந்தேன். காவல்காரர் கத்தியது காதில் விழவில்லை. முன்வாசலில் வண்டி பூட்டியாகிவிட்டது. உங்கள் அம்மா ஏறி உட்கார்ந்திருந்தாள். உங்கள் தாத்தா என்னைச் சுற்றி வந்தார். புடவையில் இழை விட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல், காதோரம் பிடரிவரை பார்த்தார். பிறகு வண்டிப் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா சொல்றே?"

"ஆங்" என்று தலையாட்டினாள்.

அவர் வண்டிக்காரரிடம் மாட்டை அவிழ்த்துவிடச் சொன்னார்.