மூக்கர் வாங்கிய கேஸ் வண்டி

பழைய காரின் டிக்கியைத் திறந்து வைத்து, மூக்கர் உள்ளங்கையைக் குழித்து, உள்ளிருக்கும் காற்றை மெல்லத் தன் பக்கம் விசிறிக்கொள்கிறார். கண்ணை மூடுகிறார். புருவம் ஏறுகிறது, இறங்குகிறது. பக்கத்தில் நிற்கும் கார் புரோக்கருக்கு வியர்க்கிறது.

"சார், வண்டியப் பாக்க வந்தீங்களா, மோந்து பாக்க வந்தீங்களா?"

"கொஞ்சம் வாய மூடுங்க. நீங்க காலையில சாப்பிட்டதும் கலந்து வருது."

பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் மூக்கர். பாட்டிலில் நேராக மூக்கை வைக்கக் கூடாது, கையால் விசிறித்தான் மோந்து பார்க்க வேண்டும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, இப்போது காப்பியைக்கூட விசிறித்தான் மோந்து பார்க்கிறார். அந்தப் பட்டமே பிள்ளைகள் கொடுத்ததுதான். ஒரு நாள் ஏதோ கலங்கல் தண்ணீரைக் குடுவையில் ஊற்றி, "சார், இது என்ன அமிலம்?" என்று நீட்டினார்கள். மூக்கர் பொறுமையாக விசிறினார். "மூணாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம். அந்த சாக்ஸ இனிமேலாவது துவைக்கச் சொல்லு." அதோடு அந்த வகுப்பு விஞ்ஞானத்தை நம்ப ஆரம்பித்தது.

அப்பேர்ப்பட்ட மூக்கு இப்போது கார் வாங்குகிறது. மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அவர் மனைவிக்குச் சக்கர நாற்காலிதான் கால். கண்ணாடிக் கடையில் முகத்துக்கு ஏற்ற ஃபிரேம் எடுத்துக் கொடுப்பதில் அந்த அம்மாளுக்கு ஈடு கிடையாது. ஆனால் வாடகை வண்டிக்காரர்கள் நாற்காலியைக் கண்டதும் திடீரென்று பார்வை போய், அப்படியே தாண்டிப் போகிறார்கள். "வர்ற திங்கக்கிழமை வரலேன்னா வேற ஆள் பாத்துக்கறேம்மா" என்று கடை முதலாளி பாசத்தோடு சொல்லிவிட்டார். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாது. ஆகவே, யாரோ ஓட்டித் தேய்த்து, கேஸுக்கு மாற்றிய பழைய வண்டி.

மூக்கர் சும்மா வாங்கவில்லை. சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டுபோய், குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் தடவி, எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்தார். டிக்கிக்குள் தலையை விட்டவர் வெளியே வர மறந்தே போனார். கூடப் போன மைத்துனன் வந்ததிலிருந்து பின் சீட்டில் சாய்ந்து கிடந்தான். "மாமா, சோபா மாதிரி இருக்கு. முடிச்சிடுங்க."

வீட்டு வாசலில் வண்டி நின்றது. "துளி கேஸ் ஒழுகாது. நான் கேரண்டி" என்று மூக்கர் மார்தட்டினார். மனைவி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து டிக்கியை எட்டிப் பார்த்தாள். விருந்து சாப்பிட்டுச் சாய்ந்த சம்பந்தி மாதிரி கேஸ் சிலிண்டர் முழு டிக்கியையும் அடைத்துப் படுத்திருந்தது.

"எல்லாம் சரிங்க. நான் முன்னால உக்காருவேன். என் நாற்காலி எங்க உக்காரும்?"

தலையை விட்டுத் தேடிய அதே டிக்கி. இல்லாத இடத்துக்கு வாசனை கிடையாதே, அதுதான் மூக்குக்குத் தப்பிவிட்டது. நாற்காலியை மடித்துப் பின் கதவு வழியாகத் திணித்துப் பார்த்தார். சக்கரம் சீட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

"மாமா, மேல கேரியர் போட்டுக் கட்டிடலாம்."

"உன்னக் கட்டலாம்டா. சும்மா இரு."

புரோக்கருக்குப் போன் போட்டார். "வித்தது வித்ததுதான் சார். மூக்கு உங்களோடது" என்றார் அவர்.

"விடுங்க. வாசல்லயே நிக்கட்டும், வீட்டுக்கு அழகு" என்று மனைவி சிரித்தாள். சிரித்தவள் நாற்காலியை வேகமாகத் திருப்பி உள்ளே போனாள். அறைக் கதவு சாத்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மூக்கர் ஸ்பேனரோடு வண்டிக்குள் புகுந்து, பின் சீட்டை வேரோடு கழற்றி வெளியே போட்டார்.

மைத்துனன் பதறினான். "மாமா, அப்ப நான் எங்க உக்கார்றது?"

"சோபா மாதிரி இருக்குன்ன இல்ல? கூடத்துல போட்டு உக்காரு."

திங்கட்கிழமை காலை. சீட்டு இருந்த இடத்தில் நாற்காலி மடங்கி நிற்கிறது. அதற்கும் பெல்ட் போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார் மூக்கர். முன்னால் மனைவி, பல நாளுக்குப் பிறகு பவுடர் பூசி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாவியைத் திருகப் போனவர் நிறுத்திவிட்டு, உள்ளங்கையைக் குழித்து, அவள் பக்கத்துக் காற்றை மெல்லத் தன் பக்கம் விசிறிக்கொள்கிறார்.

"என்னங்க, கேஸ் லீக்கா?"

மூக்கர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை விசிறிக்கொள்கிறார்.